சார்கோமட்டாய்டு மீசோதெலியோமா ஏன் தொலைவுக்குப் பரவுகிறது?

நுரையீரலை மூடியிருக்கும் மெல்லிய உறையில் முக்கியமாகத் தோன்றும் புற்றுநோய் மீசோதெலியோமா. பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைச் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். இதில் சார்கோமட்டாய்டு வகை அரிது. பத்தில் ஒன்றிரண்டு பேருக்கே வருகிறது. ஆனால் பொல்லாதது.

வழக்கமான வகையில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூட்டமாக வளரும். சார்கோமட்டாய்டு செல்லோ, நுண்ணோக்கியில் பார்த்தால், தறிநாடா போல இரு முனையும் கூர்ந்து நீண்டிருக்கும். செல்களைப் பிணைக்கும் ஈ-கேடெரின் புரதம் அதில் குறைவு. பிடி தளர்ந்த செல் தனியே நகர்ந்து இரத்தக் குழாய்க்குள் நுழைந்துவிடுகிறது. கல்லீரல், எலும்பு, அட்ரீனல் சுரப்பி, சில வேளை மூளை வரை போய்க் குடியேறுகிறது.

இப்படிச் சிதறிய நோயை அறுத்து எடுக்க முடியாது. பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் ஆகிய கீமோதெரபி மருந்துகளுக்கும் இது எளிதில் மசிவதில்லை. திருப்பம் தந்தது நோயெதிர்ப்புச் சிகிச்சைதான். இந்தச் செல்கள் பல வேளைகளில் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி புற்றுநோயைத் தாக்கும் டி-செல்களை முடக்கிவிடும். நிவோலுமாப் என்ற மருந்து அந்தத் தடையை நீக்குகிறது. அதை இபிலிமுமாப் என்ற இன்னொரு மருந்துடன் சேர்த்துத் தர அமெரிக்கா 2020இல் அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில், சார்கோமட்டாய்டு வகை, இரு வகைச் செல்களும் கலந்த வகை நோயாளிகளின் இடைநிலை ஆயுள் கீமோதெரபியில் கிடைத்த 8.8 மாதத்திலிருந்து 18.1 மாதமாக உயர்ந்தது.