ஊலாங் டீ குடித்தால் தூக்கம் கெடாதா? நம்பி ஏமாறாதீர்கள்!

சென்னை:

"அண்ணே, ஒரு டீ! சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங்கா!"

காலை 5 மணிக்கு ஆரம்பிக்கிறது இந்தக் குரல். ராத்திரி கடைசி பஸ் போகும் வரை ஓய்வதில்லை. மூட்டை தூக்குகிறவர் முதல் ஆபீஸ் குமாஸ்தா வரை எல்லோருக்கும் டீதான் துணை.

"ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது சார்" என்று புலம்புகிறவர்களும் இவர்கள்தான். அவர்களில் சிலர் இப்போது கட்சி மாறி விட்டார்கள்! பால் டீயை விட்டு விட்டு கிரீன் டீ குடிக்கிறார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் 'ஊலாங்' டீக்குத் தாவி இருக்கிறார்கள். "அதுல காஃபின் கிடையாதாம்" என்று அக்கம்பக்கத்தில் சிபாரிசு வேறு! மாசமாக இருக்கும் பெண்களுக்கும் இந்த சிபாரிசு போகிறது.

இது உண்மைதானா? விசாரித்தால் குட்டு வெளிப்படுகிறது.

ஒரே செடி, பல வேஷம்!

கறுப்பு டீ, கிரீன் டீ, ஊலாங் டீ, வெள்ளை டீ. நான்கும் ஒரே தேயிலைச் செடியின் இலைதான். பறித்த பிறகு நடக்கும் பக்குவத்தில்தான் வித்தியாசம்.

கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் காற்றுப் பட்டு கறுத்துப் போகிறது அல்லவா? தேயிலையும் அப்படித்தான். பறித்ததும் சூடு காட்டி, கறுக்க விடாமல் தடுத்தால் கிரீன் டீ. முழுக்கக் கறுக்க விட்டால் நமது சாதா டீ. பாதியில் நிறுத்தினால் அதுதான் ஊலாங்! சீனாவின் பூஜியன் மாகாணமும், தைவானும் இதற்குப் பெயர் போன இடங்கள். நமது நீலகிரியிலும் சில எஸ்டேட்டுகளில் தயாராகிறது.

இந்தப் பக்குவத்தில் நிறம் மாறும், மணம் மாறும். காஃபின் மட்டும் காணாமல் போய் விடாது. பூச்சிகளிடம் இருந்து தப்பிக்க செடியே தயாரித்து வைத்திருக்கும் சரக்கு அது. கொழுந்தில்தான் அதிகம். அதனால் கொழுந்து மொட்டில் தயாராகும் வெள்ளை டீயும் தப்பவில்லை.

இரண்டு பெயர், ஒரே ஆசாமி!

1819-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ரங்கே என்ற விஞ்ஞானி காபிக் கொட்டையில் இருந்து காஃபினைப் பிரித்து எடுத்தார். 1827-ல் டீயிலும் ஒரு பொருள் அகப்பட்டது. அது வேறு என்று நினைத்து 'தீன்' என்று பெயர் வைத்தார்கள். 1838-ல் வேஷம் கலைந்தது. இரண்டும் ஒரே ஆசாமிதான் என்று நிரூபணம் ஆகி விட்டது!

கணக்கு என்ன?

அமெரிக்க விவசாயத் துறையின் பட்டியல்படி, பால் சேர்க்காத 100 மில்லியில் உள்ள காஃபின் சராசரியாக:

காபி: 40 மில்லி கிராம்
கறுப்பு டீ: 20
ஊலாங்: 16
கிரீன் டீ: 12

"பார்த்தீங்களா, ஊலாங்கில் கம்மிதானே!" என்பீர்கள். அவசரப்படாதீர்கள். இங்கேதான் ஏமாறுகிறோம்.

டீக்கடை கிளாஸ் சின்னது. 100 மில்லி பிடித்தால் பெரிசு. ஆபீசில் ஊலாங் குடிக்கிறவர் கையில் இருப்பதோ 250 மில்லி 'மக்'! கணக்குப் போட்டால் 40 மில்லி கிராம் வருகிறது. 100 மில்லி கறுப்பு டீயைப் போல் இரண்டு மடங்கு!

இன்னொன்று. தூளும் கொதியும்தான் காஃபினைக் கூட்டும், குறைக்கும். இலை பெரிதாக இருந்தால் மெதுவாக இறங்கும். நம்ம ஊர் டஸ்ட் டீ நுணுக்கமான தூள். மளமளவென்று இறங்கி விடும். தூளைக் கூட்டிப் போட்டு, நேரம் கூட்டிக் கொதிக்க விட்டால் இன்னும் ஏறும்.

முதல் 30 விநாடி ஊறிய தண்ணீரைக் கொட்டி விட்டால் காஃபின் போய் விடும் என்று சொல்வதும் வெறும் கதைதான். கொஞ்சம்தான் போகும். மிச்சம் இலையிலேயே இருக்கும்.

யாருக்கு எவ்வளவு?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் அளவு சொல்லி இருக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 400 மில்லி கிராம் வரை பயம் இல்லை. கர்ப்பிணிகளுக்கு 200தான்.

பட்டியல் கணக்குப்படி 6 கிளாஸ் டீ, 2 டம்ளர் காபி குடித்தாலே 200 வந்து விடுகிறது. "இது கிரீன் டீதானே" என்று இடையில் குடிக்கும் மக் எல்லாம் அதற்கு மேல்!

தூக்கம் வராதவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. உடம்புக்குள் போன காஃபினில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. சாயங்காலம் 5 மணிக்குக் குடித்தது, ராத்திரி 10 மணிக்குப் படுக்கும்போது பாதி உள்ளேயே உட்கார்ந்திருக்கும்! கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் தாமதம் ஆகும்.

என்ன செய்யலாம்?

டீயை அடியோடு விட வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் குறைத்துக் கொள்ளுங்கள். டீயின் நிறத்தைப் பார்க்காமல் கிளாஸ்களை எண்ணுங்கள். ராத்திரியில் சூடாக ஏதாவது வேண்டும் என்றால் சுக்குத் தண்ணீர், துளசித் தண்ணீர் குடிக்கலாம். தேயிலை சேர்க்காத வரை இவற்றில் காஃபின் கிடையாது.

வீட்டில் மாசமாக இருக்கும் பெண்ணுக்கு யாராவது ஊலாங்கை சிபாரிசு செய்தால், "எத்தனை மில்லி?" என்று முதலில் கேளுங்கள்!