அப்டேட் வந்துவிட்டது, பிரவுசரை யார் மூடுவது?

சென்னையில் தம்புச் செட்டித் தெருவிலும் ராயபுரத்திலும் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களுக்கு இன்று பிரவுசர்தான் சுங்கத் துறையின் வாசல். எண்ணூரில் இறங்கும் சரக்கானாலும் காட்டுப்பள்ளியில் இறங்குவதானாலும், இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்வதும் வரி கட்டுவதும் அத்துறையின் ஐஸ்கேட் தளத்தில்தான். பத்துப் பதினைந்து டேப் திறந்திருக்கும். அவற்றை இழக்க மனமில்லாமல் நாள்கணக்கில் பிரவுசரை யாரும் மூடுவதில்லை. சிக்கல் அங்கேதான்.

ஏன் என்று புரிய, 2023 செப்டம்பரில் பிரவுசர்களில் வெளிப்பட்ட பிழை ஒன்றைப் பார்ப்போம். 'வெப்பி' வகைப் படங்களைத் திறந்து காட்டும் நிரலில் ஓட்டை. வேண்டுமென்றே கோணலாகத் தயாரித்த ஒரு படம், தனக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி வழியும். வழிந்த இடத்தில் திருடன் தன் கட்டளையை ஓட்டிவிடலாம். எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம், அந்தப் படம் உள்ள பக்கத்தைத் திறந்தாலே போதும். ஆப்பிளின் பாதுகாப்புப் பிரிவும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் 6-ஆம் தேதி கூகுளிடம் சொன்னார்கள். 11-ஆம் தேதி குரோமுக்கும், மறுநாள் ஃபயர்ஃபாக்ஸுக்கும் திருத்தம் வந்தது. அதற்குள் அந்த ஓட்டை வழியாகத் தாக்குதலே தொடங்கியிருந்தது.

எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாம் குரோமின் அடித்தளமான குரோமியத்தில் கட்டியவை. மத்திய அரசின் பிரவுசர் போட்டியில் 2025-ல் ஒரு கோடி ரூபாய் முதல் பரிசு வாங்கிய சோஹோவின் 'உலா'வும் அப்படியே. அடித்தளத்தில் விரிசல் கண்டால் எல்லோரும்தான் பூச வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. திருத்தம் வெளியானதும் ஆபத்து குறைவதில்லை, கொஞ்ச நாளைக்குக் கூடுகிறது. குரோமியத்தின் மூல நிரல் திறந்த ஏடு. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்று திருடனுக்கும் புரிந்துவிடும். அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்டிலிருந்து குரோமுக்கு வாராவாரம் பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. அது தானாக இறங்கிவிடும். ஆனால் பிரவுசரை மூடித் திறக்கும்வரை ஓடுவது பழைய பதிப்பே.

பிரவுசிங் சென்டர்களில் இன்னும் விண்டோஸ் 7 உயிரோடு இருந்தால் கதை வேறு. அதற்கு வந்த கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. 2023 தொடக்கத்தோடு சரி. அந்தக் கணினியில் வங்கி, ஆதார் வேலை எதையும் செய்யாமலிருப்பதே நல்லது.

அப்டேட் என்று எது வந்தாலும் அழுத்திவிடவும் கூடாது. 2017 ஜூனில் மும்பை நவா ஷேவா துறைமுகத்தின் ஒரு கன்டெய்னர் முனையத்தை முடக்கிய நாட்பெட்யா என்ற நாசகார நிரல், உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட்டுக்குள் நுழைந்து கிளம்பியது. ஆனாலும் அது பரவிய வழிகளில் ஒன்று, மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே அடைத்துக் கொடுத்த விண்டோஸ் ஓட்டை. பிரவுசரிலும் அதே எச்சரிக்கை வேண்டும்: 'உங்கள் குரோம் பழசாகிவிட்டது' என்று ஏதோ ஒரு வலைப்பக்கம் கூவினால் அது பெரும்பாலும் தூண்டில். உண்மையான அறிவிப்பு பிரவுசரின் வலது மேல் மூலையில், மூன்று புள்ளி இருக்கும் இடத்தில் வரும். சந்தேகமிருந்தால் அதே மெனுவில் ஹெல்ப், பிறகு அபவுட் கூகுள் குரோம் போய்ப் பாருங்கள். ரீலாஞ்ச் என்று காட்டினால், கையில் உள்ள தாக்கலை முடித்துவிட்டு இன்றே அழுத்துங்கள். மூடிய டேப்கள் பெரும்பாலும் தாமாகவே திரும்ப வந்துவிடும்.