அடிமரம் போனாலும் வாழும் அடையாறு ஆலமரம்



குழு ஆரம்பித்த புதிதில் நம்மில் பல பேருக்கு ஆலமரத்தடிதான் ஆபீஸ். அந்த மரம் எப்படி இத்தனை காலம் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, தாம்பரத்திலிருந்து அடையாறு வரை போனால் போதும்.

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் உள்ள ஆலமரத்துக்கு சுமார் 450 வயது என்கிறார்கள். சபை 1882-ல் அடையாறுக்கு வந்தபோதே அது கிழமரம். அன்னி பெசன்ட் அம்மையார் காலத்தில் அதன் நிழலில் பெரிய கூட்டங்கள் நடந்திருக்கின்றன. 1989-ல் அடித்த காற்றில் அதன் அடிமரம் சாய்ந்துவிட்டது. அதோடு போச்சு என்றுதானே நினைப்போம்? போகவில்லை. சுற்றிலும் ஊன்றியிருந்த விழுதுகள் மரத்தைத் தாங்கிக்கொண்டன. கொல்கத்தா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரமும் இப்படித்தான். நோய் கண்ட அடிமரத்தை 1925-ல் வெட்டி எடுத்தார்கள். மரம் இன்னும் பரந்து நிற்கிறது.

விழுது முதலில் கயிறு மாதிரி மெலிசாகத் தொங்கும். மண்ணைத் தொட்டதும் வேர் பிடிக்கும், பருக்கும், கடைசியில் அதுவே ஒரு மரமாகிக் கிளைக்கு முட்டுக் கொடுக்கும். மண்ணைத் தொடணும், அதுதான் விஷயம். நம்ம ஊரில் என்ன நடக்கிறது? நுனியைப் பல் துலக்க ஒடிக்கிறோம், பிள்ளைகள் ஊஞ்சல் கட்டுகிறார்கள், ஆடு மேய்கிறது. மிச்சம் தப்பி இறங்கினால் கீழே சிமெண்ட்! முட்டில்லாத கனத்த கிளை பெருங்காற்றில் முறியாமல் என்ன செய்யும்? 2016 டிசம்பரில் வர்தா புயல் வண்டலூர் பூங்கா வரைக்கும் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று நமக்கு மறக்காது.

தெலங்கானாவில் மகபூப்நகர் பக்கம் பிள்ளலமர்ரி என்று ஒரு பழைய ஆலமரம். கரையான் அரித்துக் கிளை முறிந்தபோது, 2018-ல் ஆஸ்பத்திரியில் ஏற்றுவது போலவே பாட்டில் கட்டி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். தொங்கும் விழுதுகளைக் குழாய்க்குள் விட்டுத் தரைக்கு இறக்கினார்கள்.

குழாய் வேலையை நாமும் செய்யலாம். மூங்கிலை இரண்டாகப் பிளந்து கணுவை எடுத்துவிட்டு, மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, விழுதின் நுனி உள்ளே இருக்கும்படி சேர்த்துக் கட்டி, அடிப்பக்கத்தைத் தரையில் ஊன்றுங்கள். ஈரம் காயக்கூடாது. பருக்க வருஷக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள்.

மேடை கட்ட வந்தால், விழுது இறங்கும் இடத்தில் சிமெண்ட் போடாமல் மண்ணாகவே விடச் சொல்லுங்கள். அரசு நிலத்து மரத்தை நினைத்தபடி வெட்டவும் முடியாது. 2021-ல் அமைக்கப்பட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். யாராவது ரம்பத்தோடு வந்தால் முதலில் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.