மூட்டை முடிச்சில்லாத கதாநாயகன்

தொடர் நவீனங்களுக்கென்று ஒரு தனி விதி உண்டு. முதற் புத்தகம் ஆசிரியரின் சொத்து. பத்தாவது புத்தகம் வெளிவருவதற்குள் கதாநாயகன் வாசகர்களின் சொத்தாகி விடுகிறான். அவன் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும், அவன் கதையை யார் எழுத வேண்டும் என்றெல்லாம் வாசகர்களே தீர்ப்புக் கூறத் தொடங்கி விடுகின்றனர். இதற்குத் தக்க சான்று, ஆங்கில ஆசிரியர் லீ சைல்ட் படைத்த ஜாக் ரீச்சர் என்னும் நாடோடி வீரன்.

இக்கதைகளை அறியாத நேயர்களுக்காகச் சில செய்திகள். ரீச்சர் அமெரிக்க ராணுவப் போலீஸில் மேஜராக இருந்து விலகியவன். உயரம் 6 அடி 5 அங்குலம். வீடில்லை, உத்தியோகமில்லை, மனைவி மக்களில்லை, ஒரு கைப்பெட்டி கூட இல்லை. மடித்து வைக்கும் பல் பிரஷ் ஒன்றே அவன் உடைமை. 2001-ஆம் ஆண்டுக்குப் பிந்திய கதைகளில் பாஸ்போர்ட்டும் பணம் எடுக்கும் அட்டையும் அதனுடன் சேர்ந்து கொண்டன. சட்டை அழுக்கானால் வெளுக்கப் போடுவதில்லை. மலிவாக வேறொன்று வாங்கி அணிந்து, பழையதை எறிந்து விடுவான். கால் போன போக்கில் ஓர் ஊரில் இறங்குவான். அங்கே எவருக்கோ அநீதி இழைக்கப்பட்டிருக்கும். அதைத் தீர்த்து வைத்துவிட்டு மீண்டும் வழி நடப்பான்.

இந்தத் துறவியைப் படைத்தவர் துறவியல்லர். லீ சைல்டின் இயற்பெயர் ஜேம்ஸ் கிராண்ட். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் கிரானடா தொலைக்காட்சியில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் பணியாற்றியவர். 1995-இல், ஆட்குறைப்பின்போது வேலையிழந்தார். வயது நாற்பது, மனைவியும் மகளும் உண்டு. அப்போது பென்சிலும் காகிதமும் வாங்கி எழுத உட்கார்ந்தவரின் முதல் நவீனம் ‘கில்லிங் ப்ளோர்’ 1997-இல் வெளிவந்தது. அதன்பின் ஆண்டு தவறாமல் ரீச்சர் கதை வந்து கொண்டிருக்கிறது. குடும்ப பாரம் தலைமேல் நின்ற வேளையில், பாரமே இல்லாத ஒருவனை அவர் கற்பனை செய்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மும்பையில் நம் சங்க நூலகத்திலிருந்து இப்புத்தகங்களை எடுத்துச் செல்லும் அன்பர்களிடம் அபிப்பிராயம் கேட்டேன். தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படித்து வளர்ந்த பெரியவர் ஒருவர், “ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்தாற்போல்தான். ஊருக்குள் வருகிறான், அடிக்கிறான், போகிறான்” என்றார். அருகிலிருந்த அம்மையார் விடவில்லை. “நாள்தோறும் ரசம் வைக்கிறோம். நேற்றைய ரசம் போலவே இருக்கிறதென்று யாராவது தட்டை நகர்த்தி விடுகிறார்களா? அதே பக்குவத்தில் இருந்தால்தானே சாப்பாடு இறங்குகிறது?” என்று கேட்டார். இவ்விருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. ரீச்சர் திருந்துவதுமில்லை, மூப்படைந்து தளர்வதுமில்லை. மாறாத ஒருவனைப் பார்க்கவே பலர் அவனிடம் திரும்பத் திரும்பச் செல்கின்றனர்.

இரண்டாவது வழக்கு உயரத்தைப் பற்றியது. 2012-லும் 2016-லும் வந்த திரைப்படங்களில் டாம் க்ரூஸ் ரீச்சராக நடித்தார். தேர்ந்த நடிகரே எனினும், உருவத்தில் சிறியவர் என்று வாசகர்கள் பல நாடுகளிலும் ஆட்சேபித்தனர். வாசகர்கள் சொன்னதே சரியென்று 2018-இல் ஆசிரியரே ஒப்புக்கொண்டார். 2022-இல் அமேஸான் தொடரில் ஆலன் ரிட்ச்சன் என்ற ஆஜானுபாகுவான நடிகர் வந்த பிறகே அக்குறை தீர்ந்தது. இது வெறும் பிடிவாதமன்று. ரீச்சர் அறைக்குள் நுழைந்ததும் பிறர் பேச்சை நிறுத்துவதுதான் பல காட்சிகளின் அச்சாணி. உருவம் சுருங்கினால் காட்சியும் சுருங்கி விடும்.

மூன்றாவது வழக்கே இன்று சூடானது. 2020-இல் லீ சைல்ட், எழுதும் பொறுப்பைத் தம் இளைய சகோதரர் ஆண்ட்ரூவிடம் ஒப்படைக்கத் தொடங்கினார். ‘தி சென்டினல்’ இருவர் பெயருடனும் வந்த முதல் நவீனம். “வாக்கியம் பழைய வாக்கியமில்லை, ரீச்சர் அதிகம் பேசுகிறான்” என்பது கல்லூரி மாணவர் ஒருவரின் புகார். வேறொரு நண்பரோ, தகப்பனாருக்குப் பின் மூத்த மகன் கல்லாவில் உட்கார்ந்தால் வாடிக்கைக்காரர்கள் முதல் ஆறு மாதம் முணுமுணுப்பது வழக்கந்தான் என்றார். குடும்பமே வேண்டாமென்று திரிகின்ற வீரன் ஒரு குடும்பத்துக்குள் அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாறியிருக்கிறான்! மாணவர் பக்கமே என் மனம் சாய்கிறது. முந்திய நூல்களில் ரீச்சரின் மௌனத்துக்கு இருந்த கனம், பிந்தியவற்றில் குறைவு.

ஆயினும் இவற்றையெல்லாம்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. நம்மைப் போன்றோர் இவனை ஏன் விரும்புகிறோம்?

அடியேன் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. மாற்றலாகிச் செல்லும் குடும்பங்களின் சாமான்களுக்கு ரசீது எழுதுவது என் தொழில். கிரைண்டர், பித்தளைக் குத்துவிளக்கு, பிள்ளையின் சைக்கிள், பத்துப் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள்: இவை இன்றி நம்மவர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதில்லை. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். வீட்டு வாடகை கட்ட வேண்டும். தங்கையின் திருமணத்துக்கு விடுப்புக் கேட்க வேண்டும். இத்தகைய வாழ்க்கையில் பல் பிரஷ்ஷுடன் புறப்படும் மனிதன் ஒரு பெருமூச்சைப் போல் சுகமாக இருக்கிறான். இதுவே பலரும் கூறிய விடை.

எனக்கு வேறொரு காரணமும் தோன்றுகிறது. முதல் நவீனத்தில் ரீச்சர் ஜார்ஜியா மாநிலத்தின் மார்க்ரேவ் என்னும் கற்பனை ஊருக்கு வருகிறான். சிற்றுண்டிச்சாலையில் முட்டையும் காப்பியுமாக அமர்ந்திருக்கும்போதே கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்யப்படுகிறான். அவ்வூரில் அவனை அறிந்தவர் இல்லை. அவனுக்காகச் சாட்சி சொல்வாரும் இல்லை. அயலூரில் பிழைப்போருக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. 1966-க்குப் பின் இந்நகரில் தென்னாட்டாருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைக் கண்ட மூத்தோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். ஏதேனும் தவறு நேர்ந்தால் முதற் சந்தேகம் வந்தவன் மீதே விழும் என்பதை அவர்கள் அறிவர்.

இதனாலேயே ரீச்சரிடம் எனக்கொரு மனத்தாங்கலும் உண்டு. விசாரணையின்றிச் சந்தேகிக்கப்பட்ட அவனே, பின்னர் விசாரணையின்றித் தண்டிக்கிறான். குற்றவாளி யாரென்று அவனுக்குத் தெரியும். ஆசிரியர் துணை இருப்பதால் அவன் கணக்குத் தவறுவதில்லை. வெளியுலகில் தெருவில் கூடித் தீர்ப்புச் சொல்பவர்களுக்கு அத்துணை இல்லை. பலமும் பந்தமும் இல்லாத ஊரில் நமக்குள்ள காப்பு போலீஸ் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும், நீதிமன்றமும், அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணமுமே. ஆகவே, ரீச்சரின் முஷ்டியைக் கதையாக ரசிப்போம். அதை வழியாகக் கொள்ள வேண்டாம். அவனிடம் கொள்ளத்தக்கது வேறு. தனக்குச் சம்பந்தமில்லாத ஊரில், தான் அறியாத ஒருவருக்காக அவன் நின்று விடுகிறான். அடுத்த பஸ்ஸில் போய்விடலாம், போவதில்லை.

புதிதாகத் தொடங்க விரும்பும் அன்பர்கள் ‘கில்லிங் ப்ளோர்’ நூலையே முதலில் எடுக்கலாம். அவனுடைய தாயாரைப் பற்றி அறிய 2004-இல் வந்த ‘தி எனிமி’ ஏற்றது. தொடரில் மனத்தை உருக்கும் பகுதி அதுவே. கொலையும் குருதியும் மிகுந்த கதைகளாதலால் சிறுவர் கையில் கொடுக்க வேண்டாம். தம்பியார் எழுத்தைப் பற்றி என் கருத்துக்கு மாறுபடுவோர் தாராளமாக ஆசிரியருக்கு எழுதுக. ஆனால் அதற்கு முன், நூலகப் புத்தகங்களைக் குறித்த நாளில் திருப்பித் தர வேண்டுகிறேன். வரிசையில் இன்னும் பலர் காத்திருக்கின்றனர்.