ஆரஞ்சு மரத்துக் கிருமி தொலைத்த மரபணுக்கள்

ஃப்ளோரிடாவில் 2003-04 பருவத்தில் 24.2 கோடி பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2023-24-ல் சுமார் 1.8 கோடி பெட்டிதான். நடுவில் புயல்களும் அடித்தன. ஆனாலும் பெரிய காரணம், 2005-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஹுவாங்லாங்பிங் என்ற நோய். இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும், காய் கோணலாகி உதிரும், மரம் மெல்லப் பட்டுப்போகும்.

இதைப் பற்றிய கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. நோயை 'உண்டாக்கும்' பாக்டீரியா என்று பலர் எழுதுவதில்லை. நோயோடு 'தொடர்புடைய' பாக்டீரியா என்றுதான் எழுதுகிறார்கள். பெயரே 'கேண்டிடேட்டஸ்' லிபெரிபாக்டர் ஏசியாட்டிகஸ். அந்த முன்னொட்டுக்கு, ஆய்வகத்தில் இன்னும் தனியாக வளர்க்கப்படாதது என்று அர்த்தம்.

ஒரு கிருமிதான் குற்றவாளி என்று நிரூபிக்க ராபர்ட் கோக் சொன்ன வழி இது: நோயாளியிடமிருந்து எடு, தனியாக வளர், ஆரோக்கியமான உயிருக்குள் செலுத்து, அதே நோய் வருகிறதா பார். இங்கே இரண்டாவது படியிலேயே வண்டி நின்றுவிடுகிறது. ஏன் வளரமாட்டேன் என்கிறது?

பதில் ஜீனோமில் இருக்கிறது. 2009-ல் அதைப் படித்தபோது, வளர்த்த கிருமி இல்லாததால், நோய் தொற்றிய ஒரே ஒரு பூச்சியிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். மொத்தம் சுமார் 12.3 லட்சம் எழுத்துகள். பயறுவகைச் செடிகளின் வேரில் நைட்ரஜனை நிலைநிறுத்தும் இதன் உறவுக்காரர் சைனோரைசோபியம் மெலிலோட்டிக்கு சுமார் 67 லட்சம்!

மண்ணில் வாழ்பவருக்குப் பஞ்சம், வறட்சி, போட்டி எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மரபணு வேண்டும். லிபெரிபாக்டரோ மரத்தின் சாறு ஓடும் புளோயம் குழாயிலும், அதை உறிஞ்சும் சில்லிட் பூச்சியின் உடம்பிலும் மட்டுமே வாழ்கிறது. இரண்டு இடத்திலும் சாப்பாடு தயார். அப்போது ஒரு அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் மரபணு பழுதானாலும் நஷ்டமில்லை, இயற்கைத் தேர்வு அதைக் கண்டுகொள்ளாது. பழுதானது நாளடைவில் அழிந்தும் போகும். நம்ம ப்ரோகிராமில் யாரும் கூப்பிடாத ஃபங்ஷன் மாதிரிதான். ஆனால் இங்கே அழிந்ததை மீட்டெடுக்க பேக்கப் கிடையாது.

இன்னொரு வேடிக்கை, ஓம்புயிரின் ஏடிபியையே நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு கடத்துப் புரதம் இதனிடம் உண்டு. சமைத்த சோற்றையே அடுத்த வீட்டிலிருந்து எடுத்துக்கொள்வது போல.

இதே பேரினத்தில் லிபெரிபாக்டர் கிரெசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோவில் மலைப் பப்பாளி ஒன்றிலிருந்து கிடைத்தது. ஜீனோம் சுமார் 15 லட்சம் எழுத்துகள். ஏசியாட்டிகஸ் இழந்துவிட்ட சில அமினோ அமில மரபணுக்கள் இதனிடம் பத்திரமாக இருக்கின்றன. இது ஆய்வகத்தில் வளர்கிறது!

விவசாயிக்கு இதனால் என்ன? கிருமியைத் தட்டில் வளர்க்க முடிந்தால் ஆயிரம் மருந்துகளைச் சில வாரங்களில் சோதிக்கலாம். முடியாததால் மரத்திலேயே சோதிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள். அதனால்தான் ஏசியாட்டிகஸின் மரபணுக்களைக் கிரெசென்ஸுக்குள் வைத்துச் சோதிக்கிறார்கள். எது தொலைந்தது என்ற பட்டியல் தெரிந்தால், எதை ஊட்டினால் வளரும் என்றும் தேடலாம். அதுவரை 'தொடர்புடைய' என்ற வார்த்தை கட்டுரைகளில் இருக்கத்தான் செய்யும்.