விடியற்காலை வேன் போகும் தூரம்

கடைத்தெருவின் கணக்கு: தொடர் கட்டுரை – 9

பிரிட்டனின் மளிகை வியாபாரம் ஒரு சில நிறுவனங்களின் கைக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று சென்ற வாரம் பார்த்தோம். டெஸ்கோ, செயின்ஸ்பரீஸ், ஆஸ்டா, மாரிசன்ஸ் ஆகிய நான்கும், ஜெர்மனியிலிருந்து வந்த ஆல்டி, லிடில் இரண்டும் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அதே நாட்டில் வேறொரு வகைக் கடைகளும் உண்டு. லங்காஷயர்க்காரர்களுக்குப் பூத்ஸ் என்பது தாத்தா காலத்துக் கடை. லண்டன்வாசி ஒருவர் அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே ஆயுளை முடித்துவிடலாம். டார்பி நகரத்தில் பேர்ட்ஸ் பேக்கரியைத் தெரியாதவர் இல்லை. பிரிஸ்டலில் தெரிந்தவரைப் பார்ப்பது அரிது. ஸ்கார்பரோவில் 1881-இல் தொடங்கிய பாய்ஸஸ் இன்றும் பெரும்பாலும் வடக்கு இங்கிலாந்துக் கடைதான். நார்ஃபோக் கிராமப்புறத்தில் 1895-இல் சகோதரர்கள் இருவர் தொடங்கிய ராய்ஸ், கிழக்கு இங்கிலாந்தோடு நின்றுகொண்டது. நூறு வருடங்களுக்கு மேலாகியும் இவை ஏன் தம் வட்டாரத்தைத் தாண்டவில்லை? பணமோ துணிச்சலோ போதவில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அந்தப் பதில் தவறு என்று நான் நினைக்கிறேன். இந்தக் கடைகளுக்கு வட்டாரம் என்பது தற்செயலாக விழுந்த வேலி அல்ல. தொழில் நடக்கும் முறையிலேயே அது அடங்கியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும்.

பேக்கரிகளிலிருந்து தொடங்கினால் இது எளிதாக விளங்கும். இரவில் சுட்ட ரொட்டியும் கிரீம் கேக்கும் காலையில் கடை திறக்கும்முன் தட்டில் இருக்க வேண்டும். அப்படியானால், அடுப்பிலிருந்து விடியற்காலையில் புறப்படும் வேன் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியுமோ, அதுவரைக்கும்தான் கடை வைக்கலாம். 1919-இல் தொடங்கிய பேர்ட்ஸ், டார்பியில் சுட்டு அதைச் சுற்றியுள்ள மத்திய இங்கிலாந்து ஊர்களில் விற்பது இந்தக் கணக்கில்தான். அதே 1919-இல் ஹாரோகேட் நகரில் பிறந்த பெட்டீஸ் தேநீர் விடுதிகள் இன்னும் தெளிவான சாட்சி. அவற்றின் வாசலில் வரிசை நிற்காத நாள் குறைவு; லண்டனில் ஒன்று திறந்தால் கூட்டம் அலைமோதும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால் யார்க்ஷயருக்கு வெளியே பெட்டீஸ் ஒரு கிளைகூடத் திறக்கவில்லை. விடுதிகளில் பரிமாறும் கேக்கும் ரொட்டியும் ஹாரோகேட்டில் உள்ள சொந்த பேக்கரியிலிருந்தே போகின்றன. இதே நிறுவனம் 1962-இல் டெய்லர்ஸ் என்ற தேயிலை வியாபாரத்தை வாங்கியது. 1977-இல் அறிமுகமான யார்க்ஷயர் டீ இன்று நாட்டின் எல்லாச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. பொட்டலத்தில் அடைத்த தேயிலை எங்கும் பயணம் செய்யும், அதனால் அதை எங்கும் அனுப்புகிறார்கள். அன்றைக்குச் சுட்டது பயணம் செய்யாது, அதனால் அதை வைத்துக்கொள்கிறார்கள். நாடு முழுக்க விற்கத் தெரிந்த ஒரு நிறுவனம், எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று பிரித்துப் பார்த்து எடுத்த முடிவு இது. இதை இயலாமை என்று சொல்ல இடமில்லை.

மளிகையில் இதே கணக்கு வேறு வடிவம் எடுக்கிறது. எட்வின் ஹென்றி பூத் என்ற 19 வயது இளைஞர் 1847-இல் பிளாக்பூலில் தேயிலைக் கடையாகத் தொடங்கியதுதான் பூத்ஸ். இன்று பிரெஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு லங்காஷயர், கம்ப்ரியா, யார்க்ஷயர், செஷயர் ஆகிய பகுதிகளில் முப்பதுக்கும் குறைவான கடைகள் அதற்கு இருக்கின்றன. இந்தச் சிறிய எண்ணிக்கையில் ஒரு பலம் உண்டு. மோர்கம் விரிகுடாவில் பிடிக்கும் சிறிய இறாலை வெண்ணெயில் பதப்படுத்தி விற்பவரோ, ஒரே பள்ளத்தாக்கின் பாலில் பாலாடைக்கட்டி செய்பவரோ வருடம் முழுவதும் ஐந்நூறு கடைகளுக்குச் சரக்குக் கொடுக்க முடியாது. தேசிய நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி நல்லவராக இருந்தாலும், அந்தச் சரக்கை ரசித்துச் சாப்பிட்டாலும், அவருடைய அட்டவணைக்குள் அது அடங்காது. இருபத்தைந்து முப்பது கடைகளுக்கு அதே உற்பத்தி சரியாகப் பொருந்தும். அதாவது சிறு உற்பத்தியாளர் பிழைப்பதற்கு அவருடைய அளவுக்கு ஒத்த அளவில் ஒரு கடை வேண்டும். தனிக்கடை அவருக்குப் போதாது, தேசியச் சங்கிலி அவருக்குத் தாங்காது. இடையில் நிற்பது வட்டாரச் சங்கிலிதான். முடிவு எடுப்பவர்கள் கடைக்கு அருகில் இருப்பதும் இந்த அளவால் கிடைக்கும் இன்னொரு வசதி. வாடிக்கையாளரே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களை நாடே நிறுவிக்கொண்டிருந்த 2023-இல், பூத்ஸ் அவற்றை இரண்டு கடைகள் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டு, கல்லாவில் மனிதர்களை உட்காரவைத்தது. அது சரியா தவறா என்பது வேறு விஷயம். லண்டனிலோ நியூயார்க்கிலோ யாரையும் கேட்காமல் பிரெஸ்டனில் அப்படி முடிவெடுக்க முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இதற்கு எதிராக வரக்கூடிய வலுவான வாதம் கிரெக்ஸ் என்ற பேக்கரிச் சங்கிலி. 1939-இல் ஜான் கிரெக், நியூகாசில் வட்டாரத்தில் சைக்கிளில் முட்டையும் ஈஸ்ட்டும் விற்கத் தொடங்கினார். 1951-இல் காஸ்ஃபர்த்தில் முதல் கடை. 1970-களில் கிளாஸ்கோ, லீட்ஸ், மான்செஸ்டர் பகுதிகளின் பேக்கரிகளை வாங்கியது. 1984-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. இப்போது 2,500 கடைகளைத் தாண்டிவிட்டது. வட்டாரக் கடை என்பது தேசியக் கடையாகும் வழியில் ஒரு படிதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் அந்த வளர்ச்சி எதனால் முடிந்தது என்று பார்த்தால் சாட்சி மறுபக்கம் திரும்புகிறது. தொடக்கத்தில் கிரெக்ஸ் வளர்ந்தது வட்டாரங்களின் கூட்டமைப்பாகத்தான்: ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் பேக்கரி, அந்தப் பகுதி மக்கள் கேட்கும் பண்டங்கள். பிறகு அந்த அமைப்பைக் கலைத்தார்கள். சாசேஜ் ரோல் போன்றவற்றை நியூகாசில் அருகே ஒரே ஆலையில் செய்து, உறையவைத்து, நாடெங்கும் அனுப்பிக் கடை அடுப்பில் சுடும் முறை வந்தது. 2013-க்குப் பிறகு வீட்டுக்கு வாங்கிப்போகும் ரொட்டியைக் குறைத்து, நடந்துகொண்டே சாப்பிடும் பண்டங்களுக்கும் காபிக்கும் மாறினார்கள். எடின்பரா, ட்விக்கனம், ஸ்லீஃபர்ட் பேக்கரிகளை மூடப்போவதாக 2016-இல் அறிவித்தார்கள். வியாபாரமாக இது பெரிய வெற்றி. அதைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வெற்றிபெற்றது வேறொரு தொழில். வேன் போகும் தூரத்தை உறைபதனம் நீக்கியது, அதோடு ஊர் பேக்கரி என்ற வேலையும் நீங்கிற்று. அடுப்புத் தரையில் சுடும் தட்டையான ஸ்டாட்டி ரொட்டி இன்றும் வடகிழக்குக் கடைகளில் கிடைப்பது, அந்தப் பழைய தொழிலின் எச்சமாகத்தான்.

வளர்ந்த எல்லோருக்கும் கிரெக்ஸின் அதிர்ஷ்டம் வாய்க்கவுமில்லை. 1899-இல் பிராட்ஃபர்ட் சந்தையில் முட்டையும் வெண்ணெயும் விற்ற கடையிலிருந்து வந்த மாரிசன்ஸ், ஒரு நூற்றாண்டுக்கு மேல் வடக்கிலேயே வேரூன்றி, லாபத்தோடு வளர்ந்தது. 2004-இல் தன்னைவிட மூன்று மடங்குக்கும் மேல் கடைகள் கொண்ட சேஃப்வேயைச் சுமார் 300 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இரண்டு நிறுவனங்களின் கணினி அமைப்புகளும் பொருந்தவில்லை, தெற்கின் வாடிக்கையாளர் வேறு மாதிரி இருந்தார். தன் வரலாற்றிலேயே முதல் நஷ்டத்தை மாரிசன்ஸ் அப்போதுதான் அறிவித்தது. பிறகு மீண்டெழுந்தது, 2021-இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றின் உடைமையானது. யார்க்ஷயரின் கைஸ்லியில் 1928-இல் ஒரு மரக்குடிலில் மீன் வறுக்கத் தொடங்கிய ஹாரி ராம்ஸ்டன்ஸ் கதை இதைவிடத் துல்லியமானது. அந்தப் பெயர் நாடு முழுவதும் கிளைவிட்டது. 2011-இல், பெயர் பிறந்த கைஸ்லிக் கடையையே மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த வருடம் அந்தக் கட்டடத்தை எடுத்து மறுபடி மீன் வறுத்தது வெதர்பி வேலர் என்ற யார்க்ஷயர் வட்டாரச் சங்கிலி. ஊரைவிட்டுப் போன பெயருக்குச் சுமையாகிப்போன இடம், ஊரோடு இருந்த கடைக்கு நல்ல வியாபாரமாக அமைந்தது.

இனி, வட்டாரச் சங்கிலிகள் தாமாக அழிந்தனவா என்ற கேள்வி. பல அழியவில்லை, விலைக்கு வாங்கப்பட்டன. யார்க்ஷயரின் ஹில்லார்ட்ஸை, அந்தக் குடும்பத்தார் எதிர்த்துப் போராடியும், டெஸ்கோ 1987-இல் எடுத்துக்கொண்டது. டண்டீயைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்காட்லாந்தின் வில்லியம் லோவை 1994-இல் செயின்ஸ்பரீஸோடு போட்டிபோட்டு அதே டெஸ்கோ வாங்கியது. 1851-இல் ஹல் நகரில் தொடங்கிய ஜாக்சன்ஸின் கடைகளை 2004-இல் செயின்ஸ்பரீஸ் வாங்கிச் சில காலம் பெயரை ஓரமாக வைத்திருந்து பிறகு எடுத்துவிட்டது. கடைகள் திறந்தே இருந்தனவே, ஊழியர்களுக்கும் வேலை இருந்ததே, எதை இழந்தார்கள் என்று கேட்கலாம். இழந்தது கடைக்குப் பின்னால் இருக்கும் அலுவலகத்தை. சரக்கு தேர்ந்தெடுப்பவர், கணக்கர், வழக்கறிஞர், விளம்பரம் அச்சிடுபவர் என்று ஒரு தலைமையகத்தைச் சுற்றி ஊரில் படித்தவர்களுக்கு இருந்த வேலைகள் அந்த ஊரைவிட்டுப் போயின. உள்ளூர் உற்பத்தியாளர் போய்ப் பார்த்துப் பேசக்கூடிய மேசையும் போயிற்று. போட்டிச் சட்டம் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது கேட்கும் கேள்வி வேறு. ஒரே ஊரில் இரண்டு நிறுவனமும் கடை வைத்திருந்தால், இணைப்புக்குப் பிறகு விலை ஏறுமா என்றுதான் அது பார்க்கிறது. செயின்ஸ்பரீஸும் ஆஸ்டாவும் இணைய முயன்றபோது 2019-இல் போட்டி ஆணையம் தடுத்தது இந்தக் காரணத்தால்தான். ஆனால் தனக்குக் கடையே அதிகம் இல்லாத பகுதிக்குள் நுழைவதற்காக ஒரு தேசிய நிறுவனம் வட்டாரச் சங்கிலியை முழுதாக விழுங்கும்போது, இரண்டுக்கும் பொதுவான ஊர்கள் குறைவு. சட்டத்தின் பார்வையில் சிக்கலும் குறைவு. ஒரு வட்டாரத்துக்கு மிகப் பெரிய இழப்பைத் தரும் விற்பனையே சட்டத்தின் கையில் மிக எளிதாகத் தப்புகிறது. இந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விலை பற்றிய ஆட்சேபம் நியாயமானது, அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். பூத்ஸ் மலிவான கடை அல்ல, பெட்டீஸில் தேநீர் அருந்துவது தினசரிச் செலவும் அல்ல. வாரக் கூலியை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு ஆல்டி செய்யும் உதவியை எந்த வட்டாரச் சங்கிலியும் செய்துவிட முடியாது. ஆகவே எல்லாக் கடையும் பூத்ஸாக வேண்டும் என்பது என் வாதமல்ல. ஆனால் வட்டாரக் கடை என்றாலே வசதியானவர்களுக்கானது என்ற முடிவும் பொருந்தாது. பாய்ஸஸ் துண்டுத் துணிகளை மலிவாக விற்கும் கடையாகத்தான் பிறந்தது. இன்றும் நூலும் திரைச்சீலையும் பெயின்ட்டும் பாத்திரமும் குறைந்த விலைக்கு விற்கிறது. மதிய இடைவேளையில் தொழிலாளி வாங்கும் பேக்கரிப் பண்டம் என்றைக்கும் ஆடம்பரமாக இருந்ததில்லை. தெற்கு லண்டனில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் கூடும் இடம் மோர்லீஸ் என்ற வறுத்த கோழிக் கடை. அங்கே கோழியும் சிப்ஸும் அவர்கள் கைச்செலவுக்குள் அடங்கும்.

மோர்லீஸ் இன்னோர் ஆட்சேபத்துக்கும் பதிலாக நிற்கிறது. வட்டாரப் பெருமையைக் கொஞ்சம் ஊதினால் அது அந்நியரை வெறுக்கும் பெருமையாகும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. அந்த அச்சத்துக்கு வரலாற்றில் காரணம் இல்லாமலில்லை. ஆனால் இந்தக் கடைகளின் பிறப்பைப் பாருங்கள். மோர்லீஸை 1985-இல் சிடன்ஹம்மில் தொடங்கியவர் இலங்கையிலிருந்து சென்ற கண்ணலிங்கம் செல்வேந்திரன். நாற்பது வருடங்களில் அது தெற்கு லண்டன்காரர்களின் சொந்த அடையாளமாகி, அவர்கள் பாட்டிலும் பேச்சிலும் இடம்பிடித்தது. யார்க்ஷயரின் பெருமை என்று எல்லோரும் சொல்லும் பெட்டீஸைத் தொடங்கிய ஃபிரெடரிக் பெல்மான்ட், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மிட்டாய்க் கலைஞர். வட்டாரம் என்பது பரம்பரைப் பட்டாவாக இருந்திருந்தால் இந்த இரண்டு கடைகளும் பிறந்திருக்கவே முடியாது. ஓர் இடத்தில் தங்கி, அங்குள்ளவர்களின் நாக்கையும் பையையும் அறிந்து, அவர்களுக்காகவே தொடர்ந்து செய்துவந்தால் வெளியிலிருந்து வந்தவரும் அந்த வட்டாரத்தை உருவாக்குகிறவர் ஆகிறார்.

ஆக, எஞ்சியிருப்பவை எவ்வாறு எஞ்சின என்ற கேள்விக்கு உடைமையில் விடை இருக்கிறது. பூத்ஸ், பேர்ட்ஸ், பாய்ஸஸ், பெட்டீஸ் எல்லாம் குடும்பச் சொத்துக்கள். பங்குச் சந்தையில் ஒவ்வொரு வருடமும் வளர்ச்சி காட்டியாக வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. போதும் என்று சொல்லும் உரிமை உடையவரிடம் இருந்தால்தான் வேன் போகும் தூரத்தை எல்லையாக மதிக்க முடியும். ஆனால் குடும்பம் என்பது நிலையான காவல் அல்ல. ஒரு தலைமுறை விற்க நினைத்தால் முடிந்தது. ஜாக்சன்ஸின் கடைகள் கைமாறியது குடும்பத்தின் சம்மதத்தோடுதான். வட்டாரக் கடை வட்டாரத்துக்கே வேண்டும் என்று உண்மையாக விரும்பினால், விற்பனைக்கு வரும்போது முதலில் ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் வாங்க வழி செய்ய வேண்டும். இணைப்பை ஆராயும் ஆணையம், விலையோடு சேர்த்து, அந்த வட்டாரத்தின் உற்பத்தியாளர்களுக்கு என்ன நேரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாடிக்கையாளர்களே உடைமையாளர்களாக இருப்பது கனவல்ல என்பதற்கு அதே நாட்டில் நீண்ட சாட்சியம் இருக்கிறது. 1844-இல் ராச்டேல் நெசவாளர்கள் காட்டிய வழியில், எடின்பராவில் 1859-இலும் லிங்கனில் 1861-இலும் தொடங்கிய கூட்டுறவுச் சங்கங்களின் வாரிசுகள் இன்றும் அந்தந்த வட்டாரத்திலேயே கடை நடத்துகின்றன. அவை எதில் வென்றன, எங்கே தடுமாறின என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)