ஏழு வேடங்களும் எமது ஏமாற்றமும்

2022 ஆகஸ்ட் 31 இல் திரைக்கு வந்த 'கோப்ரா'வை மல்வேர்ன் வாழ் எம்மவரும் பேராவலுடன் எதிர்பார்த்திருந்தனர். விக்ரமின் நடிப்பு, ஏ.ஆர்.ரஹ்மானின் இசை, 2018 இல் 'இமைக்கா நொடிகள்' தந்த அஜய் ஞானமுத்துவின் இயக்கம் எனக் காரணங்கள் பலவிருந்தன. வேலைக்கு விடுப்பெடுத்துப் பிள்ளைகளுடன் சென்ற குடும்பங்கள் வாடிய முகத்துடனேயே வீடு திரும்பின.

குறை எங்கே? மறைக்க வேண்டியதை உரிய வேளைவரை மறைப்பதிலேயே மர்மப் படத்தின் உயிர் தங்கியுள்ளது. இங்கோ, 2020 பெப்ரவரியில் வெளியிட்ட முதற் சுவரொட்டியே கதாநாயகனின் ஏழு தோற்றங்களைக் காட்டிவிட்டது. கொலையாளியின் மாறுவேடங் கண்டு திகைக்க வேண்டிய நாம், வேடங்களை எண்ணிக்கொண்டிருந்தோம். மூன்று மணி நேரத்தைக் கடந்த நீளம் எஞ்சிய விறுவிறுப்பையும் விழுங்கிற்று. மறுநாளே 20 நிமிடங்களை வெட்டுவதாகத் தயாரிப்பாளர் அறிவித்தனர். முதல்நாள் பார்த்தோருக்கு அதனால் ஆறுதல் ஏது?

1954 இல் வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாடலோ நடனமோ இன்றி வந்தது. சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறது. சுட்டவர் யார் என்ற ஒரே வினா இறுதிவரை எம்மை இருக்கையில் இருத்திவைக்கிறது.

வாரம் முழுதும் உழைத்த டொலரில் நுழைவுச்சீட்டு வாங்கும் எம்மவர் வேண்டுவது ஏழு வேடங்களையல்ல. அத்தகைய ஒரு வினாவையே.